டிம்பக்டுவில் நின்றுபோன நதி

மோப்தி
8 ஜனவரி 1996

ஏ பாறைப் பல்லி அம்பேரே,

இன்னும் உயிரோடுதான் இருக்கிறாயா? போன வாரம் உன் ஊருக்கு வந்து திரும்பியதிலிருந்து எனக்கு முழங்கால் வலி. மனிதர்கள் சமதரையில் குடியிருப்பார்கள். செங்குத்துப் பாறையில் தொங்குவது ஆடுகள். உங்கள் டோகோன் ஜனம் இதில் எந்த வகை என்று நான் சொல்லத் தேவையில்லை.

வெங்காய மூட்டைகள் வந்து சேர்ந்தன. வெங்காயத்தைவிட மண்தான் அதிகம். மலையையே கொஞ்சம் கொஞ்சமாக எனக்கு விற்றுவிடலாம் என்று பார்க்கிறாயா? பதிலுக்குச் சுட்ட மீன் இரண்டு கூடை லாரியில் ஏற்றியிருக்கிறேன். முள்ளை எடுத்துவிட்டுத் தின்ன வேண்டும். ஒவ்வொரு தடவையும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

நான் எழுத வந்தது வேறு விஷயம். உன் மகள் யாதெமே தான் பாடம் நடத்துகிற பள்ளிக்கூடச் சுவரில் ஆப்பிரிக்கா வரைந்திருக்கிறாளே, அதைப் பார்த்தேன். நாமிருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த காலத்தில் மோப்திப் பள்ளியில் மாட்டியிருந்த கண்டம் வேறு மாதிரி இருந்தது. இவள் கண்டத்தில் உங்கள் பந்தியாகரா மலை சஹாராவுக்குச் சமமாக உட்கார்ந்திருக்கிறது. எங்கள் நைஜர் நதிக்குக் கரித்துண்டால் ஒரு கோடு! பாதிக் கண்டத்துக்குச் சோறு போடுகிற நதிக்கு, கிழிந்த சட்டையில் தொங்கும் நூல் அளவுக்குக்கூட மரியாதை இல்லை. "என்னடி இது?" என்று கேட்டேன். "நீலச் சாயம் இல்ல அத்தை. வேணும்னா உங்க ஆத்துச் சேறு கொஞ்சம் அனுப்புங்க, பூசிடறேன்" என்றாள். வாய் அப்படியே அப்பன் வாய்.

அதனால் என் மகன் பரேமாவை நீலச் சாயத்தோடு அனுப்புகிறேன். ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு, வேலை ஆணைக்குக் காத்துக்கொண்டு என் சோற்றுப் பானையைக் காலி செய்கிறான். அவன் படித்தது பூகோளம். நதி எங்கே பிறந்து எங்கே போகிறது என்று உங்கள் பிள்ளைகளுக்கு அவன் காட்டிக் கொடுக்கட்டும்.

அவனுக்கு வயிறாரப் போடு. பஞ்சத்தில் கிடந்த உன் முப்பாட்டனுக்கு என் முப்பாட்டன் தன் தொடையை அறுத்துச் சுட்டுக் கொடுத்ததை மறந்துவிடாதே. நீ நிமிர்ந்து நடப்பது எங்கள் போசோ மீனவ ஜனத்தின் கறியால்தான்.

உன்னைச் சகித்துக்கொண்டிருக்கும்,
நானா கொந்தாவோ


சங்கா
30 ஜனவரி 1996

ஏ தவளை நானா,

உன் கடிதம் வந்தது. மீன் நாற்றத்தில் பிரிக்கவே முடியவில்லை. வெளியே கல்லுக்கடியில் வைத்துக் காற்றாட விட்டுப் பிறகு படித்தேன்.

உன் மகன் வந்து சேர்ந்தான். முதல் நாள் எங்கள் படிகளில் ஏறும்போது நாலு காலால் ஏறினான். ஊரே நின்று பார்த்தது. தண்ணீரில் பிறந்ததுகளுக்கு இரண்டு கால் எதற்கென்று தெரியாதுதானே. மற்றபடி நல்ல பையன். உன்னிடமிருந்து எப்படி வந்தான் என்று புரியவில்லை.

வேலை மெதுவாக நடக்கிறது. நதி கினி நாட்டில் பிறக்கிற இடத்தை வரையவே ஒரு வாரம் எடுத்துக்கொண்டான். கடலுக்குப் பக்கத்தில் பிறந்த நதி ஏன் கடலை விட்டுவிட்டுப் பாலைவனத்தைப் பார்த்து ஓடுகிறது என்று பிள்ளைகள் கேட்டார்கள். "போசோ மாதிரி அதுக்கும் புத்தி கொஞ்சம் கம்மி" என்றாள் யாதெமே. "டோகோன்களுக்குத் தண்ணி காட்டலாம்னு பாவம் பாத்து வந்துச்சு. இவங்க குளிக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சதும் டிம்பக்டு பக்கம் திரும்பி ஓடிப் போச்சு" என்றான் அவன். பிள்ளைகள் தரையில் புரண்டு சிரித்தன. இப்போது சாயங்காலமானால் பெரியவர்களும் பள்ளிக்கூட வாசலில் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். எங்கள் தெருக் கிழவர் தொமோ தன் பேத்தியை "ஏ பொண்டாட்டி, கஞ்சி எங்கடி?" என்று சீண்டுவார். அந்த வாண்டு "போடா பல்லில்லாக் கிழவா" என்று கல்லை எடுக்கும். ஊரில் அதுதான் பெரிய வேடிக்கையாக இருந்தது. இப்போது அதற்கே கூட்டம் குறைந்துவிட்டது.

நதி நேற்று மோப்தி வரை வந்திருக்கிறது. உன் ஊரைத் தாண்ட மனமில்லாமல் நிற்கிறது போல. இன்னும் நீலம் வேண்டும் என்கிறான். அனுப்பு.

வெங்காயத்தை இடித்து உருட்டிக் காயவைத்த உருண்டை ஒரு பை வைத்திருக்கிறேன். உன் மீன் குழம்பில் போடு, மனிதர் தின்னும்படி ஆகும்.

அம்பேரே கிந்தோ


மோப்தி
4 மார்ச் 1996

அன்புள்ள அம்பேரே,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். பரேமாவை அடுத்த லாரியில் அனுப்பிவைக்கவும். இங்கே வேலை இருக்கிறது. மீதமுள்ள சாயத்தைப் பள்ளிக்கே வைத்துக்கொள்ளலாம். அவனுக்கு இடமும் உணவும் கொடுத்ததற்கு நன்றி.

நானா கொந்தாவோ


சங்கா
9 மார்ச் 1996

ஏ தவளை,

யார் செத்தது?

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். காகிதத்தைத் திருப்பிப் பார்த்தேன், பின்பக்கமாவது திட்டியிருக்கிறாயா என்று. ஒன்றுமில்லை. 'அன்புள்ள' என்று போட்டிருக்கிறாய். 'நன்றி' என்று போட்டிருக்கிறாய். உன் புருஷன் படகோடு மூழ்கிய வருடம்கூட நீ எனக்கு 'வெங்காயமே, ஆறுதல் சொல்ல வராதே, உன் மூஞ்சியைப் பார்த்தால் இன்னும் அழுகை வரும்' என்றுதான் எழுதினாய். அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுத்தான் நீ பிழைத்துக்கொள்வாய் என்று எனக்குத் தைரியம் வந்தது. இதைப் படித்ததும் அந்தத் தைரியம் போய்விட்டது.

பையனை அனுப்பிவிட்டேன். நதி டிம்பக்டு வரை வந்திருந்தது. அந்த வளைவை முடித்துவிட்டுப் போடா என்றேன். "அம்மா கூப்பிட்டா போகணும் மாமா" என்று தூரிகையைக் கழுவி வைத்துவிட்டு லாரியில் ஏறிவிட்டான். அன்று சாயங்காலம் யாதெமே தண்ணீர்ப் பானையைப் போட்டு உடைத்தாள். கை தவறிவிட்டதாம். அவளுக்குக் கை தவறி நான் பார்த்ததே இல்லை.

என்ன நடந்தது என்று எழுது. மரியாதையாக எழுதி என்னைக் கொல்லாதே.

அம்பேரே


மோப்தி
20 மார்ச் 1996

அம்பேரே,

திட்டு எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். கை வரவில்லை.

லாரிக்காரர்தான் எனக்குச் சொன்னார். மீனை ஏற்றிக்கொண்டே, "அக்கா, ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்காதீங்க. உங்க பையனும் அந்த டீச்சரம்மாவும் இப்பல்லாம் திட்டிக்கிறதே இல்ல. சுவத்துப் பக்கம் நின்னு மெதுவா பேசிக்கிறாங்க" என்றார். ஒரு போசோவும் ஒரு டோகோனும் மெதுவாகப் பேசிக்கொள்ள என்ன இருக்கிறது?

பரேமா வந்ததும் கேட்டேன். மறைக்கவில்லை. "ஆமாம்மா. அவளைத்தான் கட்டிக்கணும்னு இருக்கேன். நீ வேண்டாம்னா வேண்டாம்" என்றான். அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னை அறுத்தது.

நம் இரண்டு ஜனத்துக்கும் நடுவில் கல்யாணம் கிடையாது. உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அந்தப் பிள்ளைகளுக்கும் தெரியும். தொடைக்கறி தின்ற நாளிலிருந்து இரண்டு பேர் உடம்பிலும் ஒரே இரத்தம். கேலி செய்யலாம், கேட்டதை வாங்கிக்கொள்ளலாம், நம்மில் ஒருவர் சண்டையில் நின்றால் மற்றவர் குறுக்கே போய் நின்று நிறுத்தலாம். கட்டிக்கொண்டால் பிள்ளை தங்காது என்கிறார்கள். பொய்யாக இருக்கலாம். என் பேரப்பிள்ளையை வைத்துச் சோதித்துப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை.

நீலச் சாயத்தோடு அவனை அங்கே அனுப்பியது நான். உன்னை மட்டம் தட்ட வேண்டும் என்ற ஆசையில் அனுப்பினேன். உன் மகளுக்கு நீ சொல்லிக்கொள். என் மகன் வரமாட்டான்.

நானா


சங்கா
11 ஏப்ரல் 1996

நானா,

நீ எழுதியது சரி. எனக்கும் வேறு வழி தெரியவில்லை.

விஷயத்தை ஆண்கள் கூடும் தாழ்கூரைக்குக் கொண்டுபோனேன். அந்தக் கூரை எவ்வளவு தாழ்வு என்று நீ வெளியே நின்று பார்த்துச் சிரித்திருக்கிறாய். உள்ளே குந்தித்தான் இருக்க முடியும். எவனுக்காவது கோபம் வந்து துள்ளி எழுந்தால் மண்டை உத்தரத்தில் இடிக்க வேண்டும், உட்கார்ந்துவிட வேண்டும். அதற்காகவே எங்கள் ஆட்கள் அப்படிக் கட்டினார்கள். ஒருவன், "உன் வீட்டுக் கதவை நீதானேப்பா அந்தத் தவளைகளுக்குத் தொறந்து வச்சே" என்றான். ஐம்பது வயதாகிறது எனக்கு. பிறந்ததிலிருந்து அந்தக் கூரைக்குக் கீழ் உட்காருகிறேன். எழுந்துவிட்டேன். நெற்றியில் கோழிமுட்டை அளவு வீங்கியிருக்கிறது. ஊரில் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. வீக்கத்தைப் பார்த்தாலே எல்லோருக்கும் தெரியும், அம்பேரே எழுந்தான் என்று.

கூடாது என்றுதான் முடிவாயிற்று. அபிஜானில் வெங்காய மண்டி வைத்திருக்கிற எங்கள் ஆள் ஒருவர் தன் மகனுக்கு யாதெமேயைக் கேட்டிருக்கிறார். தினை அறுவடை முடிந்ததும் கல்யாணம் என்று வாக்குக் கொடுக்கப் போகிறேன்.

அவளிடம் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். பாத்திரம் தேய்த்துக்கொண்டே, "நீங்களும் அத்தையும் சின்ன வயசுலேர்ந்து திட்டிக்கிறீங்க. ஒரு நாள் உங்களுக்குள்ள சண்டை வந்ததில்ல. எங்க அம்மாகிட்ட இதுல பாதியாவது பேசியிருப்பீங்களாப்பா?" என்று கேட்டாள். நான் வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டேன். அந்த உச்சி வெயிலில் தண்ணீர் ஊற்றினால் பயிர் வெந்துவிடும். ஊற்றினேன்.

சுவரில் நதி அப்படியே நிற்கிறது. மீதியை அவள் வரைய மாட்டேன் என்கிறாள். பள்ளியைப் பார்க்க அதிகாரி வந்தபோது ஒரு பிள்ளை எழுந்து, நைஜர் நதி டிம்பக்டுவில் முடிகிறது என்று சொல்லியிருக்கிறது. அவர் கத்திவிட்டுப் போனார்.

அம்பேரே


மோப்தி
2 ஆகஸ்ட் 1996

அம்பேரே,

மழைக்கு லாரி ஓடவில்லை. இந்தக் கடிதம் எப்போது வந்து சேருமோ.

பரேமா ஒரு குறையும் வைக்கவில்லை. காலையில் படகை எடுக்கிறான், மீனைக் கொண்டுவருகிறான், நான் சொன்ன விலைக்கு விற்கிறான், கொடுத்ததைத் தின்கிறான். அவனைத் திட்டக் காரணம் தேடி நானே அலுத்துப்போனேன்.

போன வியாழக்கிழமைச் சந்தையில் துறையில் நின்றிருந்தான். உங்கள் பக்கத்து வெங்காயக்காரி ஒருத்தி, நல்ல வாய்க்காரி, இவனைப் பார்த்து, "டேய் சேத்துல முளைச்சவனே, உன் மீனு செத்து நாலு நாளாச்சா, இல்ல அது உன் நாத்தமா?" என்று ஆரம்பித்தாள். சுற்றி இருந்தவர்கள் எல்லாம் இவன் என்ன சொல்லப் போகிறான் என்று திரும்பிப் பார்த்தார்கள். என் பிள்ளை அவளைப் பார்த்து, "வணக்கம்மா. காலையில புடிச்ச மீனுதான். எவ்வளவு வேணும்?" என்றான்.

அந்தப் பெண்ணின் முகம் செத்துவிட்டது. "தம்பி, நான் விளையாட்டுக்குத்தான்…" என்றாள். "தெரியும்மா" என்று மீனைத் தூக்கிக் கொடுத்தான். அவள் என் பக்கம் வந்து, "அக்கா, உங்க வீட்ல யாராவது தவறிட்டாங்களா?" என்று காதில் கேட்டாள்.

என் பிள்ளை ஒரு டோகோனுக்கு மரியாதை கொடுத்தான், அம்பேரே. வீட்டுக்கு வந்து மீன் சுடும் புகையில் உட்கார்ந்து அழுதேன். புகை என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா.

எனக்குப் பயம் போகவில்லை. ஆனால் பிறக்காத பிள்ளைக்காகப் பயந்து பிறந்த பிள்ளையைத் தொலைத்துக்கொண்டிருக்கிறேன். பாதை காய்ந்ததும் அங்கே வருகிறேன். எதற்கென்று உனக்குத் தெரியும். போசோ கேட்டு டோகோன் இல்லை என்று சொன்னதில்லை.

நானா


சங்கா
25 ஆகஸ்ட் 1996

நானா,

வராதே.

நீ கேட்டால் நான் மறுக்க முடியாது. அதனால்தான் சொல்கிறேன், கேட்காதே. அபிஜான்காரருக்கு நான் இன்னும் வாக்குக் கொடுக்கவில்லை, ஆனால் கொடுத்துவிடுவேன்.

இன்னொன்றையும் நீ யோசிக்கவில்லை. உன் மகன் என் மகளைக் கட்டினால் நீ எனக்குச் சம்பந்தி. சம்பந்தியம்மாவைப் பார்த்துத் தவளை என்று எவன் சொல்ல முடியும்? பெண் கொடுத்த வீடும் எடுத்த வீடும் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாததா. தலையைக் குனிந்து நலம் கேட்பார்கள், பாயின் ஓரத்தில் உட்காருவார்கள், பாதிச் சோற்றில் கை கழுவுவார்கள். சாகும்வரை அப்படித்தான்.

என் பெண்டாட்டி போன பிறகு இந்த மலையில் என்னைப் பார்த்து எல்லோரும் பரிதாபப்பட்டார்கள். நீ ஒருத்திதான், "கஞ்சி காய்ச்சத் தெரியாமல் செத்துடாதே, வெங்காய விலை ஏறிடும்" என்று எழுதினாய். அது இல்லாமல் போவது எனக்குச் சின்ன விஷயமில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

வராதே.

அம்பேரே


சங்கா
3 நவம்பர் 1996

ஏ தவளை நானா,

வராதே என்று எழுதினேன். வந்தாய். எழுதப் படிக்கத் தெரிந்த போசோவே கிடையாது என்று இப்போது நிரூபணமாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை லாரியைப் பிடிக்க வேண்டுமென்று நீ கிளம்பிவிட்டாய். அதன் பிறகு நடந்ததை எழுதுகிறேன். அதற்கு முன்னால் ஒன்று. தாழ்கூரை வாசலில் வெயிலில் சப்பணமிட்டு உட்கார்ந்து, உள்ளே இருந்த பெரியவர்களைப் பார்த்து, "டேய் பாறைப் பல்லிகளா, உங்க முப்பாட்டன் தின்ன கறி இன்னும் உங்க வயித்துலதான் இருக்கு. அதை வாங்கிட்டுப் போக வந்திருக்கேன்" என்றாயே, அங்கேயே இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். பிறகு, "கறி வேணாம். பொண்ணு குடுங்க" என்றாய். சிரித்தவர்கள் வாய் திறந்தபடியே இருந்தார்கள். அப்போது நான் உன்னைப் பார்க்கவில்லை. தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ போன பிறகு பேச்சு தொடங்கியது. "போசோ கேட்டா மறுக்கக் கூடாது, அதுதான் வழக்கம்" என்றார் ஒருவர். "போசோவுக்குப் பொண்ணு குடுக்கக் கூடாது, அதுவும் வழக்கம்தான்" என்றார் இன்னொருவர். இரண்டும் சரி. ஒன்றைப் பிடித்தால் மற்றது உடைகிறது. கத்தியிருப்பார்கள், கூரை விடவில்லை. கடைசியில் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் உட்கார்ந்தபடியே சொன்னேன்: "அவ கேட்டா. நான் குடுக்கிறேன். வர்றது வரட்டும்."

தொமோ கிழவர் வாயில் மென்றுகொண்டிருந்த கோலாக் கொட்டையைத் துப்பினார். பிறகு சொன்னார்: "அப்படின்னா ஒண்ணு. கோலாக் கொட்டை கை மாறின நாள்லேர்ந்து இந்த ரெண்டு வீட்டுக்கும் நடுவுல கேலி கிடையாது. கேலி இருந்தாத்தானே நீங்க போசோ, டோகோன்? அது இல்லேன்னா வெறும் சம்பந்திங்க. சம்பந்திக்குள்ள தடை ஏதும் இல்ல." பிறகு என்னைப் பார்த்து, "உனக்குத்தான்டா நஷ்டம்" என்றார். அவருக்குத் தெரிந்திருக்கிறது.

உன் வீட்டுக் கோலாக் கொட்டை என் கைக்கு வரும்போது கல்யாணப் பேச்சு முடிந்ததாக அர்த்தம். அதுவரை நீ எனக்குச் சம்பந்தி இல்லை. அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். நீ தவளை. நீ ஓட்டைப் படகு. உன் மீனைப் பூனை முகர்ந்துவிட்டுத் தும்மும். பள்ளிக்கூடத்தில் உன் பக்கத்தில் உட்கார்ந்ததால்தான் எனக்குக் கணக்கு வரவில்லை. நீ சமைத்ததைத் தின்றும் உன் புருஷன் அத்தனை வருடம் இருந்தான் என்றால் அவன் பெரிய வீரன். உன்னைவிடச் சத்தம் போடுகிறவளை இந்தக் கண்டத்தில் நான் பார்த்ததில்லை, மோப்திக்கு அந்தப் பக்கம் போனதில்லை என்றாலும் சொல்கிறேன்.

அம்பேரே


மோப்தி
18 நவம்பர் 1996

ஏ வெங்காயம், ஏ பாறைப் பல்லி, ஏ நாலுகால் ஏறி, ஏ தொடைக்கறி,

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டுபோய்த் துறையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். பூனை தும்முகிற இடத்தில் பரேமா சிரித்துவிட்டான். மார்ச்சிலிருந்து அவன் சிரித்து நான் பார்க்கவில்லை. மறுநாள் அந்த வெங்காயக்காரியைத் தேடிப் போய், "ஏ கிழங்கு மூஞ்சி" என்று கூப்பிட்டு வம்பிழுத்திருக்கிறான். அவள் சந்தோஷத்தில் இரண்டு வெங்காயத்தை இவன் தலையில் எறிந்தாள்.

கோலாக் கொட்டை போன வெள்ளிக்கிழமை லாரியில் வந்திருக்க வேண்டும். நனைந்து கறுத்துவிட்டது, வேறு வாங்க வேண்டும் என்று சொல்லி நிறுத்தினேன். நனையவில்லை. ஒரு வாரம் கிடைத்தது.

அந்த ஒரு வாரத்தில் உனக்குச் சொல்ல வேண்டிய திட்டுகளை எல்லாம் யோசித்துவைத்தேன். இப்போது எழுத உட்கார்ந்தால் ஒன்றும் பெரிதாக இல்லை. உன் காது பெரியது. உன் கஞ்சி கரி. குளிக்காமல் மோப்திக்கு வந்தால் ஆறு பின்வாங்கிவிடும். உன் மூளையை உரித்துப் பார்த்தால் உன் வெங்காயம் மாதிரிதான், தோல் தோலாக வரும், உள்ளே ஒன்றும் இருக்காது. இத்தனை வருடம் உன்னைச் சகித்தேன். அதற்கு எனக்கு யார் என்ன கொடுக்கப் போகிறார்கள்?

கொட்டை இந்தக் கடிதம் வரும் லாரியிலேயே வருகிறது. முதலில் கடிதத்தைப் படி. பிறகு கையை நீட்டி வாங்கு.

போய்த் தொலை, வெங்காயமே.

நானா


மோப்தி
10 மார்ச் 1997

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்பேரே கிந்தோ அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் வீட்டாரும் நலமாக இருக்க அல்லாவை வேண்டுகிறேன். தாங்கள் அனுப்பிய வெங்காயம் மிகவும் நன்றாக இருந்தது. மண்ணே இல்லை.

பரேமாவுக்கு மோப்தியிலேயே வேலை ஆணை வந்துவிட்டது. மருமகள் யாதெமேவும் இங்குள்ள பள்ளிக்கு மாற்றலுக்கு எழுதியிருக்கிறாள். அவள் இப்போது உண்டாகியிருக்கிறாள். இதைத் தங்களுக்குத் தெரிவிக்கும்படி மகன் சொன்னான்.

தங்கள் உடல்நலத்தைக் கவனித்துக்கொள்ளவும்.

பணிவுடன்,
நானா கொந்தாவோ


சங்கா
2 ஏப்ரல் 1997

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. மகிழ்ச்சி. மீன் வந்தது. மணமாக இருந்தது.

கல்யாணத்துக்கு வந்திருந்தபோது மாப்பிள்ளை மீதி நதியை வரைந்து முடித்தார். டிம்பக்டுவில் வளைந்து கீழே இறங்கிக் கடலில் சேருகிறது. மலையைக் கொஞ்சம் சிறிதாக்கினால் சரியாக இருக்கும் என்று சொன்னார். சிறிதாக்கச் சொன்னேன்.

மகளைத் தங்கள் கையில் ஒப்படைத்திருக்கிறேன். இங்கே சிலர் சில விஷயங்கள் பேசுகிறார்கள். அவற்றை எழுத விரும்பவில்லை.

வேறு விசேஷம் இல்லை.

பணிவுடன்,
அம்பேரே கிந்தோ


மோப்தி
14 அக்டோபர் 1997

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

மருமகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. இருவரும் நலம். குழந்தை எடை குறைவு. ஆனால் அழுகை பலமாக இருக்கிறது என்று மருத்துவச்சி சொன்னாள். ஏழாம் நாள் பெயர் வைத்தோம். நானா என்று வைத்தார்கள். பெயரைத் தேர்ந்தெடுத்தது தங்கள் மகள். நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். "காரணமாத்தான் அத்தை" என்றாள். என்ன காரணம் என்று சொல்லவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு தாங்கள் ஏன் இன்னும் மகளை வந்து பார்க்கவில்லை என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. வரும்போது வரவும்.

பணிவுடன்,
நானா கொந்தாவோ


சங்கா
20 டிசம்பர் 1997

ஏ தவளை நானா,

திடுக்கிட வேண்டாம். இந்தக் கடிதம் உன் பாட்டிக்கு இல்லை. அந்த மதிப்பிற்குரிய அம்மையாருக்குத் தனியாக ஒரு கடிதம் உள்ளே இருக்கிறது. அதில் வணக்கம் எல்லாம் ஒழுங்காகப் போட்டிருக்கிறேன். இது உனக்கு, தொட்டிலில் கிடக்கிற நானாவுக்கு.

தாத்தாவும் பேத்தியும் என்ன வேண்டுமானாலும் பேசிக்கொள்ளலாம். தொமோ கிழவரிடம் கேட்டுவிட்டேன். "அதை யார்டா தடுத்தது?" என்றார். உனக்கு இந்தப் பெயர் வைத்தபோதே உன் அம்மாவுக்கு இது தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் இத்தனை நாள் ஆயிற்று.

நான் இதுவரை வராததற்குக் காரணம், எல்லோரிடமும் சொன்ன மாதிரி, வெங்காய நாற்று நடுவது இல்லை. பயம். நீ தங்கமாட்டாய் என்று இங்கே பேசினார்கள். பார்த்துவிட்டு இழப்பதைவிடப் பார்க்காமலே இருந்துவிடலாம் என்று கோழையாக மலையில் உட்கார்ந்திருந்தேன். நேற்று லாரிக்காரர் வந்து, "குளிர் காத்து வந்துடுச்சு, மோப்தியே இருமுது. உங்க பேத்திக்கு ஒண்ணும் ஆகல. போசோ மாதிரி தின்னுது, டோகோன் மாதிரி முறைக்குது" என்றார். அடுத்த லாரியில் வருகிறேன்.

அதற்கு முன்னால் உனக்குச் சில விஷயங்கள் சொல்ல வேண்டும். உன்மேல் மீன் நாற்றம் அடிக்கிறது. உனக்குத் தரையில் நடக்கத் தெரியாது. உன் சத்தத்தில் உங்கள் ஊர்ப் பானி ஆற்றுக் கொக்குகள் எல்லாம் ஊரை விட்டுப் போய்விட்டனவாம். ஒரு கோலாக் கொட்டையை ஒழுங்காக அனுப்பத் தெரியாமல் நனைந்துவிட்டது என்று பொய் சொன்ன பரம்பரை உன் பரம்பரை. நீ மரியாதையாக எழுதுவதைப் போல மோசமான எழுத்தை நான் படித்ததே இல்லை.

உனக்கு இன்னும் படிக்க வராது. அதனால் இதை உன் பாட்டி உன் தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படிக்கட்டும். துறை வரை கேட்கிற மாதிரி.

பதில் எழுதவும் உனக்குக் கை வராது. நீ என்னைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்பதை யாராவது உன் பெயரில் எழுதித் தரட்டும். ஒரு வார்த்தையும் குறைக்க வேண்டாம் என்று சொல். என் காது ஒரு வருடமாகச் சும்மா கிடக்கிறது.

உன் தாத்தா,
பாறைப் பல்லி